எந்தப் பக்கம் என்று கேட்கும் ஊர்

ஊரெல்லாம் ஒளிர ஒளி செய்து அனுப்பிவிட்டு, தன் வீட்டு வாசலில் ஒரு மத்தாப்போடு தீபாவளியை முடித்துக்கொள்ளும் எளிமைக்குச் சொந்தக்காரர், இந்த வழியனுப்பு விழாவின் தலைவர், தொழிலதிபர் நவநீதகிருஷ்ணன் அவர்களே! காலையிலிருந்து கால்கடுக்க நின்று இந்தப் பந்தலைப் பாங்காய்ப் போட்டுத் தந்த ஊர்ப் பெரியவர்களே! அலுமினியப் பொடி இன்னும் கையில் மின்ன, வேலை விட்ட கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உட்காரச் சொன்னால் மதில்மேல் ஏறி நிற்கும் இளைஞர் பெருமக்களே! நாளை மறுநாள் திருச்சியில் மாநிலப் போட்டியில் ஓடப்போகும் என் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்த வெள்ளைத்துரையின் வணக்கம், வணக்கம், வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது ஓட்டப் பயிற்சியின் ஒப்பற்ற சிங்கம் என்று ஒரு போடு போட்டார்கள். சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் தூங்குமாம். நான் மூன்று வாரமாய்த் தூங்கவில்லை. ஆகவே, ஐயா, அந்தப் பட்டத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மைக் வயர் எம்புட்டு தூரம் வரும் தம்பி? அதுவரைக்கும் நடந்துகொள்கிறேன். நின்று பேச எனக்கு வராது. நிற்கும்போதெல்லாம் நேரம் என்னை விட்டுவிட்டு ஓடுவது போலவே இருக்கும். இப்போது மணி ஐந்து நாற்பத்தெட்டு. ஆறே காலுக்கு வேன் கிளம்ப வேண்டும். ஏழு நாற்பதுக்கு விருதுநகர் ஸ்டேஷனில் ரயில். அதற்குள் உங்களிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இந்த மேடையை விட்டு இறங்குவேன். வாழ்த்தி அனுப்ப வந்தவர்கள் நீங்கள். வாழ்த்து மட்டும் போதாது என்று சொல்ல வந்தவன் நான்.

எண்ணூறு மீட்டர் ஓட்டம் என்றால் என்ன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "ரெண்டு ரவுண்டு" என்கிறார் மதில்மேல் இருக்கும் தம்பி. சரி, ரெண்டு ரவுண்டுதான். ஆனால் என்ன ரவுண்டு? நூறு மீட்டர் ஓடுகிறவள் மூச்சை மறந்து ஓடலாம். பத்தாயிரம் ஓடுகிறவள் மூச்சோடு பேசிக்கொண்டே ஓடலாம். எண்ணூறு ஓடுகிறவளுக்கு மறக்கவும் வழியில்லை, பேசவும் வழியில்லை. முதல் சுற்றில் முந்திவிட்டால் முடிவில் முடங்குவாள். முதல் சுற்றில் முடங்கிவிட்டால் முடிவில் முந்தமாட்டாள். வேகம் வேண்டும், வேகத்தைக் கட்டிவைக்கும் விவேகமும் வேண்டும். அந்த விவேகத்தைக் கற்றுக்கொடுக்கிற வேலைதான் என் வேலை என்று இரண்டு வருடமாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மாரிசெல்வி, எழுந்து நில்லம்மா. எல்லாரும் பார்க்கட்டும். போதும், உட்கார்.

பதினோராம் வகுப்புப் பிள்ளை. தகப்பனார் பாண்டி லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். தாயார் சோலையம்மாள் தலைவர் அவர்களுடைய பட்டாசு ஆலையில், நம் வாய்க்குப் பயர் ஆபீஸில், வெடிமருந்து செலுத்தும் ரூமில் வேலை பார்க்கிறவர்கள். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளையை நான் எங்கே கண்டுபிடித்தேன் தெரியுமா? மைதானத்தில் இல்லை. ஆமத்தூர் ரோட்டில். தாயார் தூக்குவாளியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். மகள் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே ஓடுகிறாள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடி, ரயில்வே கேட்டில் வேன் நின்ற இடத்தில் பிடித்துவிட்டாள். வேனுக்குள் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். பின்னால் பைக்கில் வந்த நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்குத் தொடங்கியது இந்தத் தொல்லை. எனக்கும் தொல்லை, அவளுக்கும் தொல்லை.

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கயிறு பிடித்து நானூறு மீட்டர் அளந்தேன். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சி. இருநூறு மீட்டர் எட்டு முறை, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. மறுநாள் கண்மாய்க்கரை மேல் நாற்பது நிமிடம் மெல்லோட்டம். ஞாயிற்றுக்கிழமை ஊரே தூங்கும்போது ஆமத்தூர் வரை போய்த் திரும்ப வேண்டும். "எங்க வீட்டு நாயும் சேந்து ஓடிச்சு சார்" என்கிறார் ஓர் அண்ணாச்சி. ஆமாம், அதுவும் நன்றாகத்தான் ஓடியது. திருச்சிக்கு அதற்கு இடமில்லை.

ஓட்டத்தைத் தொடங்க எல்லா ஊரிலும் துப்பாக்கி வைத்திருப்பார்கள். நமக்குத் துப்பாக்கிக்கு எங்கே போவது? ஆனால் நம் ஊரில் வெடிக்கா பஞ்சம்? ஒரு ஒற்றை வெடியைக் கிள்ளி வைப்பேன். டொம் என்றால் பிள்ளைகள் பறப்பார்கள். சத்தம் பழகட்டும், அஞ்சாமல் பழகட்டும், அசையாமல் பழகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. எத்தனை விடியல், எத்தனை வெடி! ஒரு நாளாவது ஒரு பிள்ளையாவது திரும்பிப் பார்த்ததுண்டா? கிடையாது. எனக்கோ ஒரே பெருமை. மதுரைக்காரனுக்கும் நெல்லைக்காரனுக்கும் இல்லாத வசதி எனக்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் மாவட்டப் போட்டி. காலை ஏழு மணிக்கு ஓட்டம். மாரிசெல்வி முதலிடம். அடுத்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி திருப்பலாம். அப்புறம் சென்னையில் மாநிலப் போட்டி. அங்கே ஓட்டம் மாலை மூன்று இருபதுக்கு.

எட்டுப் பேர் கோட்டில் நிற்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது. ஏழு பேர் கிளம்பிவிட்டார்கள். எட்டாவது பிள்ளை என் பிள்ளை. தலையைத் திருப்பி, வலதுபக்கம், பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்த்தாள். ஒரு நொடி, ஒன்றேகால் நொடி. அப்புறம்தான் கால் எழும்பியது.

எண்ணூறில் ஒரு நொடி போனால் உலகம் போய்விடாது. மெல்ல மெல்ல, இரண்டு சுற்றுக்கும் பரப்பி மீட்டுக்கொள்ளலாம். ஆனால் பதற்றம் வந்தவள் பரப்புவாளா? முதல் இருநூறிலேயே மொத்தத்தையும் மீட்கப் பார்த்தாள். மீட்டும்விட்டாள். கடைசி நூறில் கால் கல்லாகிவிட்டது. ஒவ்வொருத்தியாய் அவளைத் தாண்டிப் போனார்கள். எட்டில் ஏழாவது.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாய் இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். மூச்சு வாங்கி நிற்கிற பிள்ளையிடம் போய், "வேடிக்கை பாக்கத்தான் மெட்ராசுக்கு வந்தியா? அங்கன யாரு இருக்கான்னு பாத்த?" என்று கத்தினேன். "தெரியலை சார்" என்றாள். மறுபடியும் கத்தினேன். மறுபடியும் "தெரியலை சார்". அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

ஊருக்கு வந்து ஆளாளுக்கு வைத்தியம். காதில் கோளாறோ என்று காது டாக்டரிடம் காட்டினேன். கண்ணேறு என்று தாயார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். நான் ஒரு மாதம் கழுத்துக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தேன். கழுத்துக்குப் பயிற்சி கொடுத்த ஓட்ட ஆசிரியன் இந்தியாவிலேயே நான் ஒருத்தனாய்த்தான் இருப்பேன். சிரியுங்கள், சிரியுங்கள். இப்போது சிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆடி மாதம் பள்ளி விளையாட்டு விழா. தலைவர் அவர்கள்தான் சிறப்பு விருந்தினர். ஞாபகம் இருக்கிறதா ஐயா? மாலை மூன்று மணி. பெண்களுக்கான எண்ணூறு மீட்டர். நான் கோட்டருகே நின்று, வெடியை வைக்கப் போகிறேன் என்று மைக்கிலேயே சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். டொம்.

எட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளையும் ஓடவில்லை. எட்டுப் பேரும் திரும்பினார்கள். ஒரே பக்கம் திரும்பினார்களா? இல்லை. மாரிசெல்வி தெற்கே திரும்பினாள், அவளோடு திருச்சிக்கு வரும் ரோஜாவும் தெற்கே திரும்பினாள். இரண்டு பேர் மேற்கே, மூன்று பேர் கிழக்கே, ஒருத்தி சாத்தூர் ரோட்டுப் பக்கம். அவளவள் ஆத்தா எந்தப் பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறாளோ, அவளவள் அந்தப் பக்கம்.

உலகத்தில் எந்த ஊரிலும் ஒரு சத்தம் கேட்டால் மனிதன் என்ன கேட்பான்? "என்ன சத்தம்?" என்று கேட்பான். நம் ஊரில் என்ன கேட்போம்? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். சத்தமாய்ச் சொல்லுங்கள்.

கேட்டீர்களா ஐயா? "எந்தப் பக்கம்?" என்று சொல்கிறார்கள். என்ன சத்தம் என்பது நமக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்பதுதான் தெரிய வேண்டும். தீபாவளிக்கு ஊரே வெடித்தாலும் நாம் திரும்பமாட்டோம். கோயில் கொடை விழாவுக்கு வானம் அதிர்ந்தாலும் திரும்பமாட்டோம். விடியற்காலை ஐந்தரைக்கு வெள்ளைத்துரை வைக்கிற வெடிக்கும் திரும்பமாட்டோம், அப்போது எந்த ரூமிலும் யாரும் இல்லை. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் ஒரே ஒரு சத்தம் கேட்டால்? சோறு பிசைந்த கை நிற்கும். கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸ் நிற்கும். கழுத்து மட்டும் நிற்காது. புகை தெரிகிறதா என்று அது தானாகத் திரும்பும்.

இரண்டு வருடம் நான் கொடுத்த பயிற்சியெல்லாம் ஆலை திறப்பதற்கு முந்திய பயிற்சி. எவ்வளவு பெரிய மடையன் நான்! இதே மண்ணில் பிறந்து, இதே சத்தத்தில் வளர்ந்து, இது எனக்குத் தோன்றவில்லையே!

அன்றைக்கு விழாவில் இன்னும் ஒன்று நடந்தது. வெடி வைத்தது நான். வைத்த கை என் கை. வைத்த நானும் திரும்பினேன். கையிலிருந்த கடிகாரத்தை அமுக்க மறந்து தெற்கே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டில் யாரையும் நான் இழக்கவில்லை. என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்கள். நல்லபடியாக இருக்கிறார்கள், அதோ முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் திரும்பினேன். திரும்பியவன் மேடையைப் பார்த்தேன். தலைவர் அவர்களே, தவறாக நினைக்காதீர்கள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, சட்டைப் பையில் போனைத் தொட்டுக்கொண்டு, நீங்களும் தெற்கேதான் பார்த்தீர்கள்.

தலைகுனிய வேண்டாம் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. முதலாளி கழுத்தும் தொழிலாளி பிள்ளை கழுத்தும் ஒன்றுபோலத் திரும்பியதைப் பார்த்தபோது, உங்கள்மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

சரி, நோய் தெரிந்துவிட்டது. மருந்து? மாலை நாலு மணிக்குப் பயிற்சியை மாற்றினேன். தினமும் ஒரு வெடி. முதல் நாள் திரும்பினாள். ஐந்தாம் நாள் திரும்பினாள். பத்தாம் நாள் கழுத்து திரும்பவில்லை, கண் போனது. பதினைந்தாம் நாள் கண்ணும் போகவில்லை, ஆனால் முதல் அடி தாமதமாய் விழுந்தது. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபதாம் நாள். பிள்ளைகள் கோட்டில் நிற்கிறார்கள். நான் இன்னும் வெடியைக் கையிலேயே எடுக்கவில்லை. சத்தம் கேட்டது. பெரிய சத்தம்.

மாரிசெல்வி ஓடினாள். என் மைதானத்தில் இல்லை. கரை ஏறி, ரோட்டில் இறங்கி, தெற்கே, பயர் ஆபீஸை நோக்கி ஓடினாள். ரோஜா பின்னாலேயே ஓடினாள். நான் பைக்கை உதைக்கிறேன், உதைக்கிறேன், கிளம்பமாட்டேன் என்கிறது. கிளப்பிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டரைக் கிலோமீட்டர். வாட்ச்மேன் சொல்கிறார்: "கல்குவாரில வெடி வச்சிருக்காக தாயி. இங்கன ஒண்ணுமில்ல. ஒங்காத்தா உள்ள நல்லாத்தான் இருக்கா." அவள் நம்பவில்லை. ரூமுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் உள்ளே இருக்கிற ஆத்தாளைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. ஐந்து மணிக்கு ஆலை விட்டு, சோலையம்மாள் கேட்டைத் தாண்டி வெளியே வரும்வரை, கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றாள் அந்தப் பிள்ளை.

அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் ஓடிய ஆக வேகமான ஓட்டம் அதுதான். பயிற்சியாளன் நான் சொல்கிறேன், அதுதான். அதற்கு எந்த மாநிலத்திலும் மெடல் கிடையாது.

திரும்பி வரும்போது, நான் கேட்காமலே சொன்னாள்: "சார், திரும்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரிய மாட்டேங்குது."

அன்றோடு வெடியை நிறுத்திவிட்டேன். என்ன உரிமை எனக்கு? அந்தக் கழுத்து திரும்புவது நோய் என்று சொன்னவன் நான். நோயா அது? ஆத்தா உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு பிள்ளை பார்ப்பது நோயா? பார்க்காமல் இருக்கப் பழகு, பதறாமல் இருக்கப் பழகு, பாசத்தைப் பல்லுக்கடியில் வைத்துக் கடித்துக்கொண்டு ஓடப் பழகு என்று நாற்பது வயதுக்காரன் நான் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதா? அதற்குப் பெயர் பயிற்சியா?

ஆனால் ஓட வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை ஓடியே ஆக வேண்டும். சனிக்கிழமை ஓட்டத்தில் முதல் மூன்றில் வருகிற பிள்ளைகளை விடுதியில் சேர்த்து, படிப்பும் சாப்பாடும் பயிற்சியும் தருகிறார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இரண்டு நிமிடம் பதினாறு நொடி ஓடுகிறவள். அந்த நேரத்துக்கு மூன்றுக்குள் நிச்சயம் வரலாம், கோட்டில் ஒரு நொடியை விட்டுவிடாமல் இருந்தால். ஓட்டம் எத்தனை மணிக்குத் தெரியுமா? மாலை நாலு பத்துக்கு. சனிக்கிழமை. சீசன். தீபாவளிக்கு ஐந்து வாரம். அந்த நேரத்தில் சோலையம்மாள் எங்கே இருப்பார்கள் என்று இந்தப் பந்தலில் எல்லோருக்கும் தெரியும். மாரிசெல்விக்கும் தெரியும்.

தலைவர் அவர்களே, மூன்று வாரம் தூங்காமல் யோசித்து ஒரு வழி கண்டேன். அதைத்தான் கேட்க வந்தேன். சோலையம்மாளை என்னோடு திருச்சிக்கு அனுப்புங்கள். துப்பாக்கி வெடிக்கட்டும். பிள்ளை எந்தப் பக்கமும் திரும்பித் தேட வேண்டாம், ஓடுகிற கோட்டுக்கு நேர் எதிரே ஆத்தாளை உட்கார வைத்துவிடுகிறேன். இரண்டு நாள் லீவு. கேட்டுவிட்டேன்.

தலைவர் அவர்கள் தலையசைக்கிறார்கள். "தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். கைதட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள். சோலையம்மாக்கா, எழுந்திருங்க. சேலை ரெண்டு எடுத்துவைக்க நேரம் இருக்கு, வீடு பக்கந்தானே.

என்னக்கா? எழுந்து நின்று தலையை ஆட்டுகிறீர்கள்? என்னது? சத்தமாய்ச் சொல்லுங்கள். கொஞ்சம் அமைதி, அமைதி. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அக்கா சொன்னதைச் சொன்னபடியே சொல்கிறேன்.

"நான் வரலை சார். நான் வந்தா எம் பலகை சும்மாவா கெடக்கும்? சீசன் நேரம். சரம் பின்னுற எடத்துல இருந்து வள்ளித்தாயத் தூக்கி எம் எடத்துல ஒக்கார வப்பாக. அவ மக ரோஜாவும் அங்கனதான ஓடுது? நம்ம ஆத்தாதான் மருந்து ரூம்ல இருக்கான்னு தெரிஞ்சா, அந்தப் புள்ள எங்கிட்டுப் பாக்கும்?"

உட்காருங்கள் அக்கா.

மூன்று வாரமாய் நான் கட்டிய கோட்டை மூன்று வார்த்தையில் முடிந்தது. பெற்றவளுக்குத் தெரிகிறது, பெருமைக்காரனுக்குத் தெரியவில்லை. என் ஓட்டக்காரி ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி ஆத்தாளை அந்தப் பலகையில் உட்காரவைக்கப் பார்த்தேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன், வள்ளித்தாய் அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மணி என்ன? ஆறு நாலு. பொறுங்கள், பொறுங்கள். போர்மேன் முனியராஜ் எங்கே? அண்ணே, ஒங்க ஆபீஸ்ல சாயங்கால டீ எத்தன மணிக்கு? மூன்றரைக்கு என்கிறார். ரூமுக்குள்ளேயே குடிப்பீர்களா? "அதெப்படி சார், வெளிய வந்து மரத்தடிலதான்" என்கிறார். அப்போது ரூமில் யார் இருப்பார்கள்? "ஒரு ஆளும் இருக்க மாட்டாக."

கேட்டீர்களா? ஒரு ஆளும் இருக்கமாட்டார்கள்! மூன்றரை மணிக்கு எல்லா ஆத்தாக்களும் மரத்தடியில். நாலு பத்துக்கு எல்லா ஆத்தாக்களும் மருந்துக்கு முன்னால். நடுவில் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்தை நகர்த்த முடியாதா? ஓட்டத்தை நகர்த்த எனக்கு அதிகாரமில்லை. டீயை நகர்த்த இந்த மேடையில் அதிகாரம் இருக்கிறது. சனிக்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு நாள், டீயை நாலு மணிக்கு வைக்கக் கூடாதா?

முனியராஜ் அண்ணன் ஏதோ சொல்கிறார். "நாலு மணிக்கு லோடு எடுக்க லாரி வந்துரும் சார், அம்புட்டுப் பேரும் வெளிய நின்னா ஆர்டர் நின்னு போகும்." அண்ணே, உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வடநாட்டில் ஒருவன் பத்து நிமிடம் பிந்தி மத்தாப்புக் கொளுத்தினால் என்ன கெட்டுவிடும்? அவன் வீட்டுப் பிள்ளை சத்தம் கேட்டுக் கைகொட்டுகிறது. நம் வீட்டுப் பிள்ளை சத்தம் கேட்டுக் கழுத்தைத் திருப்புகிறது. ஒரே வெடிதானே அண்ணே? ஒரே கை செய்த வெடிதானே?

நான் நிறுத்திக்கொள்கிறேன். தலைவர் அவர்கள் எழுந்துவிட்டார்கள். சொல்லுங்கள் ஐயா.

அவர்கள் மெதுவாகப் பேசுகிறவர்கள், உங்களுக்கு எட்டாது. சொன்னது இதுதான்: "லாரி நிக்கட்டும். சனிக்கெழம டீ நாலு மணிக்கு, நாலரை வரைக்கும். நானும் ரூம் ரூமாப் பாத்துட்டு வெளிய வந்து நிக்கேன். வள்ளித்தாயும் சோலையும் அவுகவுக எடத்துலயே இருக்கட்டும்."

தட்டுங்கள். தட்டிவிட்டு நிறுத்துங்கள். அரை மணி நேரம் டீ குடிக்க விட்டோம் என்று ஒருவரும் இன்றைக்கு நிம்மதியாய்த் தூங்கிவிடாதீர்கள். நானும் தூங்கமாட்டேன். அந்த அரை மணி போக மிச்ச மணி என்ன ஆவது? சனிக்கிழமை போக மிச்ச நாள் என்ன ஆவது? இந்த வேலை இல்லாவிட்டால் இந்த ஊரில் அடுப்பு எரியாது, எனக்கும் தெரியும். இந்த வேலையில் கை வைக்கும் ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு கழுத்து திரும்புகிறது, உங்களுக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறவனிடம் விடை இல்லை. விடை உள்ளவர்கள் இந்த மேடையில் சிலர் இருக்கிறீர்கள். நான் விடமாட்டேன். அடுத்த விழாவுக்கும் என்னைக் கூப்பிடுங்கள், இதையேதான் கேட்பேன். கூப்பிடாவிட்டால் கூப்பிடாமலே வருவேன்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். வருகிறோம் தம்பி, வருகிறோம். சோலையம்மாக்கா மறுபடி எழுந்து நிற்கிறார்கள். மகளிடம் ஏதோ சொல்கிறார்கள். ஹாரன் சத்தத்தில் அந்தப் பிள்ளைக்குக் காதில் விழுந்ததோ என்னவோ. நானே மைக்கில் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கோ மாரிசெல்வி, உன் ஆத்தா சொல்கிறாள்: "நாலு மணிக்கு நாங்க அம்புட்டுப் பேரும் வெளிய மரத்தடில நிக்கோம். நீ முன்னால பாத்து ஓடு தாயி."

இரண்டு வருடமாய், இருநூறு வெடி வைத்து, நான் சொல்லிக்கொடுக்க முடியாமல் போன பாடம் இது.

தலைமையையும் தாங்கி, தந்த வாக்கையும் தாங்கியிருக்கும் தலைவர் அவர்களுக்கும், வாய்விட்டுச் சிரித்து வாய்மூடிக் கேட்ட பெரியவர்களுக்கும், மதில்மேல் நின்ற தம்பிமாருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. தாய்மார்களே, உங்களுக்கு மட்டும் நன்றியோடு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை நாலு மணிக்கு டீயைக் கையில் வாங்கியதும் எப்போதும் போல மடமடவென்று குடித்துவிட்டு உள்ளே ஓடாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் பதினாறு நொடி வேண்டும். ஆற்றி, ஊதி, மெதுவாகக் குடியுங்கள். போய்வருகிறோம், வணக்கம்.